வாய்கட்டிய பூசையும் வாய்திறந்த எழுத்தும்
கதிர்காமம் பற்றிய எழுத்துக்கள் சில குறித்து ஒரு நோக்கு

கதிர்காமத்தின் மூலத்தானத்தினுள்ளே நைவேத்தியம் கொண்டுசெல்லும் கப்புறாளை தம் வாயைத் துணியினாற் கட்டிக்கொண்டே செல்கின்றார். உள்ளே மந்திரம் ஓதப்படுவதில்லை, விக்கிரகம் காட்டப்படுவதில்லை, மயிலேறிய முருகனையும் தேவியர் இருவரையும் தீட்டிய திரை அடியார் முன் விலக்கப்படுவதில்லை. திரைக்கு வெளியே அடியாரின் பொருட்டுச் சிங்களத்திலே விண்ணப்பம் சொல்லப்படுவது வேறு விடயம். திரைக்குள்ளே நிகழ்வது முழுவதும் மௌனமே. இவ்வாறு பேசாமையைத் தன் மரபாகக் கொண்ட ஒரு கோயிலைப் பற்றி ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாக எழுதப்பட்டு வந்திருப்பவையோ மிகப் பல. புலவர் பாடியுள்ளனர்; சிறைப்பட்ட ஆங்கிலேயன் ஒருவன் எழுதியுள்ளான்; அரசாங்க உத்தியோகத்தர் நாவல் புனைந்துள்ளார்; சட்டம் கற்றவரும் மானிடவியல் கற்றவரும் ஆராய்ந்துள்ளனர். இவ்வெழுத்துக்களுட் சிலவற்றை எடுத்து, அவை கோயிலை எங்கு நின்று நோக்கின, எதனைக் காணாது விட்டன என்று வினவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கோயிலின் வரலாற்றை எழுதப் புகுந்தோமல்லேம்.

இவ்வினாவை இன்று எழுப்ப வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. எம்மவரிடையே கதிர்காமம் என்ற பேச்சு எழுந்தால் அது பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றிலேயே சென்று முடிகின்றது. ஒன்று, 'எமது கோயிலை இழந்தோம்' என்ற புலம்பல்; மற்றையது, 'இது எமதே' என்பதற்குச் சான்று தேடும் முயற்சி. சிங்கள மொழியில் எழுதுவோரிடத்தும் இதற்கு நேரொத்த போக்கு உண்டு. அநுராதபுரத்துப் போதி மரத்தின் கன்று கஜரகாமத்திலே நடப்பட்டதென்ற மகாவம்சச் செய்தியையும், துட்டகைமுனு நேர்த்தி வைத்தானென்ற கதையையும், மகாசேனன் என்ற அரசனே தெய்வமானான் என்ற கதையையும் அவர்கள் சான்றாக அடுக்குவர். நாம் கந்தபுராணத்து ஏமகூடத்தையும் திருப்புகழையும் அடுக்குவோம். இரு சாராரும் ஒரே முறையில் வாதிடுகின்றனர் என்பது இரு சாராருக்கும் தெரிவதில்லை. கோயிலை ஓர் உறுதிக்காணி போலவும் நூல்களை அதன் உறுதிப் பத்திரங்கள் போலவும் கொள்ளும் முறை அது.

நூல்களுக்குச் செல்லுமுன் இடத்தை ஒருமுறை மனத்திற் கொள்வது நன்று. ஊவா மாகாணத்தின் தென்கோடியில், மொனராகலை மாவட்டத்தில், மாணிக்க கங்கையின் கரையில் அமைந்தது கதிர்காமம். மலையகத்தில் ஊற்றெடுத்து வரும் அந்த ஆறு இத்தலத்தைக் கடந்து யால வனத்தினூடாகக் கடலை அடைகின்றது. ஆற்றில் நீராடி, ஈர உடையுடன் கோயிலை அடைவதே யாத்திரிகர் வழக்கம். பெரிய கோபுரத்தையோ பல பிராகாரங்களையோ எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். மகா தேவாலயம் எனப்படும் முதன்மைக் கோயில் எளிய நீள்சதுரக் கட்டடம். அதிலிருந்து செல்லும் நேர்வீதியின் மறுமுனையில் வள்ளியம்மன் கோயில் இருக்கின்றது; அதன் அண்மையிற் பள்ளிவாசலும், பால்குடி பாவா என வழங்கப்படும் துறவியின் நினைவிடமும் உள்ளன. தெய்வயானையம்மன் கோயில் மகா தேவாலயத்தின் அயலிலே, வட இந்தியத் துறவியர் மரபின் வழிவந்த மடத்தோடு சேர்ந்தது. சற்றுத் தொலைவிற் கிரி விகாரை என்னும் பௌத்த தாதுகோபம். நான்கு சமய மரபுகள் ஒரு வீதியின் நீளத்துக்குள்ளே அடங்கியிருக்கின்றன எனலாம்.

இனி நூல்கள். அருணகிரிநாதர் கதிர்காமத்தின் மீது பாடியனவாகப் பத்துக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாடல்கள் கிடைக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டினராகக் கொள்ளப்படும் அவர் பாடியமையால் அக்காலத்தில் இத்தலம் தமிழகத்தாராலும் அறியப்பட்டிருந்தது என்று துணியலாம். அதற்கு மேல் அப்பாடல்கள் எதனைத் தருகின்றன? எம்மவர் பலர் அவற்றைச் சாசனமாகப் படிக்கின்றனர். ஆனால் திருப்புகழ் சாசனம் போல இயங்கும் நூலன்று. அதன் சந்தம் ஒரு தலத்திலிருந்து மறு தலத்துக்கு எளிதில் இடம்பெயர்வது. தலத்தின் பெயர் பாடலின் இறுதியில் வந்து முத்திரையிடும். பாடலின் பெரும்பகுதி பாடுவோனது உடலின் தளர்ச்சியையும் உள்ளத்தின் அலைவையும் பற்றியது. முருகன் எந்த நிலத்துக்கு உரியவன் என்ற வினா அப்பாடல்களில் எழவேயில்லை. நிலவுரிமைக்குச் சான்றாக அவற்றை நீட்டுபவர், பாடியவன் கேட்டதை விட்டுவிட்டுக் கேட்காததைப் பிடித்துக்கொள்கின்றனர்.

கதிரைமலைப்பள்ளு இதனினும் சுவையான ஒன்று. ஈழத்தில் எழுந்த பள்ளு நூல்களுள் மிகப் பழையதாகக் கருதப்படும் இதன் ஆசிரியர் யாரென்பது தெரியவில்லை. பள்ளு என்னும் வகையின் பொது அமைப்பை அறிந்தவர்க்கு அதன் கதைப்போக்கு பழக்கமானதே: பள்ளனொருவன், அவன் மனைவியர் மூத்தவளும் இளையவளும், அவர்களிடையே ஏசல், மழைக்குறி, ஆற்றிற் புதுவெள்ளம், உழவு, நடுகை, விளைவு. இப்பழகிய சட்டகத்தினுள்ளே கதிர்காமத்தைக் கொண்டுவந்து வைத்த புலவர் என்ன செய்துவிட்டார் என்பது கவனத்துக்குரியது. இரு தேவியரோடு கூடிய தெய்வத்தின் கதையும் இரு மனைவியரோடு கூடிய உழவனின் கதையும் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. தெய்வம் வயலுக்கு இறங்கி வருகின்றது. ஆறு, புராணத்துப் புனித தீர்த்தமாக மட்டும் நில்லாமல் நாற்றங்காலுக்கு நீர் தரும் ஆறாகின்றது. கதிர்காமத்தைத் தமிழில் எழுதியவருள் அதன் மண்ணுக்கு மிக அண்மையில் நின்றவர் இப்பெயரறியாப் புலவரே என்பது எனது துணிபு. பாடத்திட்டத்திலே இந்நூலை இலக்கிய வகையின் வரலாற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டும் படித்துவிட்டு அப்பாற் செல்கின்றோம் என்பது கவலைக்குரியது.

பிறநாட்டார் எழுத்துக்களில் ரொபேட் நொக்ஸின் நூல் (1681) முதலிற் குறிக்கத்தக்கது. கண்டி அரசனின் கைதியாக ஏறக்குறைய இருபது ஆண்டுகள் இந்நாட்டில் இருந்த அவர், கதிர்காமத் தெய்வத்தின்பாற் சிங்கள மக்கள் கொண்டிருந்த அச்சத்தைக் குறிப்பிடுகின்றார். அரசனுக்குப் பகைவராகிப் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் துணைநின்றவர்கள் கூட, அத்தெய்வத்தின் நிலத்தினூடாகப் படை நடத்துவதற்கு உடன்படவில்லை என்பது அவர் தரும் செய்தி. கதிர்காம வழிபாடு சிங்கள மக்களிடையே அண்மைக்காலத்திலேதான் புகுந்தது என்று கூறும் எம்மவர் நொக்ஸைப் படித்தல் வேண்டும்.

லெனாட் வுல்ஃப் வேறு வகையினர். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த அவர், 1910ஆம் ஆண்டின் யாத்திரைக் காலத்திற் கதிர்காமத்திலே தங்கி ஒழுங்குகளை மேற்பார்வை செய்தார். பேதிநோய் பரவாது காப்பதும் கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் அவரது கடமை. தாயகம் திரும்பியபின் 1913இல் அவர் வெளியிட்ட நாவல், காட்டினாற் சூழப்பட்ட ஒரு சிங்களக் குடியிருப்பின் அழிவைக் கூறுவது. அதிலே கதிர்காமம் 'பெரகம' என்ற பெயரிலே வருகின்றது. சிலிந்துவின் குடும்பம் துன்பத்திலிருந்து விடுதலை வேண்டி அங்கு நடந்து செல்கின்றது, கிடைப்பதோ விடுதலையன்று.

ஆட்சியாளனொருவன் எழுதிய நூல் என்று இதனைப் புறந்தள்ளுவது எளிது. எமது விமரிசகருட் சிலர் அவ்வாறு செய்யவும் கூடும். ஆயினும், அந்நாவலின் யாத்திரைப் பகுதியில் வறியவனின் காலடி இருக்கின்றது. பல நாள் நடையினாற் சோர்ந்து, அச்சத்தையும் நம்பிக்கையையும் ஒருசேரச் சுமந்து வருபவர்களை வுல்ஃப் கண்டிருக்கின்றார். அவரிடத்துள்ள குறை பிறிதோரிடத்தில் இருக்கின்றது. அவருக்குக் காடு ஓர் ஊழ்வினை. அதனுட் புகுந்த யாவும் அழியும். ஆதலால் அவரது பெரகமவும் அழிவுக்குச் செல்லும் வழியில் ஒரு தங்குமிடமாகவே அமைந்துவிடுகின்றது. அதே வீதியில், அதே நாட்களில், நேர்த்தி நிறைவேறியதனால் மகிழ்ந்து ஆடியவர்களும் இருந்திருப்பர். அவர்களுக்கு நாவலில் இடமில்லை. கோயிலின் துயரத்தை எழுதியவர் அதன் களிப்பைத் தவறவிட்டார்.

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கட்டுரை எம்மவர் பெருமையோடு குறிப்பிடுவது. முருக வழிபாட்டையும் கதிர்காமத் தெய்வத்தையும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய அது, அவர் மறைந்த 1924ஆம் ஆண்டிலே ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தது. 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவர் அவர் என்பதை இங்கு நினைவுகூரலாம். மக்களை எண்ணியும் வகுத்தும் பழகிய கை அது. எனினும் இக்கட்டுரையில் அவர் பக்தராகவே எழுதுகின்றார். பழந்தமிழ்ப் பாட்டு, புராணம், சைவ தத்துவம் என்னும் மூன்றின் துணையோடு அவர் கதிர்காமத்தை அணுகுகின்றார். கலியாணகிரி என்ற வடநாட்டுத் துறவி முருகனை மீண்டும் பாரதத்துக்கு அழைத்துச் செல்ல வந்து, வள்ளியின் வேண்டுதலுக்கு இணங்கி அங்கேயே தங்கிவிட்டார் என்ற கதை போன்ற மரபுச் செய்திகள் கற்றோர் உலகுக்கு எட்டியதில் இக்கட்டுரைக்குப் பெரும் பங்கு உண்டு.

அருணாசலம் யாருக்காக எழுதினார் என்பதை மனங்கொள்ளல் வேண்டும். ஐரோப்பிய அறிஞர்கள் அமர்ந்திருந்த ஒரு கழகத்தின் முன்னிலையில், காட்டுக்கோயிலொன்றின் வழிபாட்டை மதிப்புக்குரியதாக நிறுவவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆகவே மேலிருந்து கீழே வருகின்றார்: முதலில் நூல், பின்னர் தத்துவம், அதன்பின்னரே கோயில். அவர் வழிவந்தோரிடத்து இப்போக்கு முற்றிப் போயிற்று. திரை என்றால் மாயை. பேழையிலுள்ள யந்திரம் என்றால் அருவுருவம். மௌனம் என்றால் மோன ஞானம். வள்ளியை நோக்கிய இரவுப் பவனி என்றால் பரமான்மா சீவான்மாவைத் தேடிச் செல்லல். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் ஆயத்தமாக இருக்கின்றது. இவ்விளக்கங்கள் பொய் என்று நான் கூறவரவில்லை. ஆனால் இவற்றை எழுதுவதற்குக் கதிர்காமம் வரை செல்லவேண்டிய அவசியமில்லை. சித்தாந்த நூலொன்றும் நல்ல விளக்கும் போதும். திரையைத் துணியாகவும், வாய்க்கட்டை வாய்க்கட்டாகவும், ஆற்றை ஆறாகவும் சற்றுநேரமேனும் நோக்குகின்ற பொறுமை இவ்வெழுத்துக்களில் இல்லை.

கணநாத் ஒபயசேகர 1977இலும் 1978இலும் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரைகளும், 1981இல் வெளிவந்த அவரது நூலும் இதற்கு நேரெதிரான திசையிலிருந்து வருபவை. சிங்கள பௌத்தரிடையே கதிர்காம வழிபாடு பெருகியமைக்கான சமூகக் காரணங்களை அவர் ஆராய்ந்தார். கல்வி பெற்றும் தொழில் கிட்டாத இளைஞர், நகரத்துக்கு இடம்பெயர்ந்த குடும்பங்கள், தேர்தலை நம்பி வாழும் அரசியலாளர் ஆகியோருக்குக் காரியத்தை நிறைவேற்றித் தரும் ஒரு தெய்வம் தேவைப்பட்டது என்பது அவர் கருத்து. தீமிதிப்பு, காவடி, பரவசநிலை என்பன தமிழ் அடியாரிடமிருந்து சிங்கள அடியாருக்குச் சென்றவை என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2025இல் மறைந்த அவ்வறிஞரின் நேர்மையை நாம் போதிய அளவு மதித்தோமா என்பது ஐயம்.

ஆனால் ஒபயசேகரவின் கண் ஆடுபவரையே தொடர்கின்றது. சடைமுடியோடு அருள்கொண்டு ஆடும் பெண், தீயில் நடக்கும் ஆண், அவர்களது மனக்காயம், கனவு என்பவை அவருக்குப் பொருள். கப்புறாளையின் பரபரப்பற்ற நாளாந்தப் பணி அவர் ஆராய்ச்சியின் மையத்துக்கு வரவில்லை. மாற்றத்தை ஆராய்பவர்க்கு மாறாதிருப்பது புலப்படுவது கடினம். முன்றிலிலே அத்துணை மாற்றங்கள் நிகழ்ந்தபோதும் திரைக்குள் ஒரு சொல்லும் ஏன் கூடவில்லை என்ற வினா அவ்வாய்வுகளைப் படித்து முடித்த பின்னரும் எஞ்சி நிற்கின்றது.

இந்த வினாவுக்கு விடைகாண வேண்டுமானாற் செய்கைகளையே படித்தல் வேண்டும். திருவிழாவின் தொடக்கத்துக்கு 45 நாட்களுக்கு முன்பு பால்மரக் கிளையொன்றைக் 'கப்'பாக நடுவர். ஆடித் திருவிழா தொடங்கியதும் ஒவ்வோர் இரவும் யந்திரப் பேழை யானை மீதேறி நேர்வீதி வழியே வள்ளி கோயிலுக்குச் சென்று, அங்கே திரைக்குள் சிலபொழுது தங்கித் திரும்பும். தெய்வயானையின் கோயிலுக்கு அது செல்வதில்லை. இதன் பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வடமொழி மரபோடும் துறவியர் மடத்தோடும் சார்ந்த தேவியின் வாயிலை விட்டு, வேட்டுவப் பெண்ணின் வாயிலுக்கே தெய்வம் இரவுதோறும் செல்கின்றது. ஈழத்து மரபிலே வள்ளி கதிர்காமக் காட்டின் வேடர் மகள். தேனும் தினைமாவும் அவள் சீதனம். எந்த நூலிலும் விதியாக எழுதப்படாத இந்தத் தெரிவை, யானையின் நடை ஆண்டுதோறும் எழுதிச் செல்கின்றது.

பவனியோடு விளக்கேந்திச் செல்லும் பெண்களைச் சிங்கள வழக்கில் 'ஆலத்தி அம்மா' என்பர். ஆலத்தி தமிழர் இல்லங்களில் நாளும் வழங்கும் சொல். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள மண்டூரிலும் ஆலாத்திப் பெண்கள் உண்டு. அங்கு பூசை செய்பவர் கப்புகனார்; அவரும் வாயைக் கட்டிக்கொண்டே பூசை செய்வார்; அங்கும் திரை உண்டு. வடக்கே தொண்டைமானாற்றின் கரையில் உள்ள செல்வச்சந்நிதியிலும் வாய்கட்டிப் பூசையே நிகழ்கின்றது. பிராமணரல்லாத பூசகர் பரம்பரையொன்று அங்கே ஆலிலைகள் அறுபத்தைந்தில் அமுது படைத்து வழிபடுகின்றது. மண்டூரையும் சந்நிதியையும் 'சின்னக் கதிர்காமம்' என மக்கள் அழைப்பது வெறும் உபசார வார்த்தையன்று. மாணிக்க கங்கையிலும் வாவிக்கரையிலும் தொண்டைமானாற்றிலும், சிங்களவராயினும் தமிழராயினும், நீரோரத்தில் நின்று வாய் பேசாமற் பூசிக்கும் ஒரே மரபின் கிளைகள் இவை. சந்நிதியிலிருந்து புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, திருக்கோயில், உகந்தை எனக் கிழக்குக் கரை வழியே செல்லும் பாதயாத்திரை இக்கிளைகளைக் காலால் இணைக்கின்றது. போர்க்காலத்தில் அறுபட்ட அந்த வழி மீண்டும் நடக்கப்படுகின்றது.

இங்கு ஆறுமுக நாவலரை நினையாதிருக்க இயலாது. ஆகம விதிப்படி அமையாத கோயில்களை, நல்லூரையும் விலக்காமல், வன்மையாகக் கண்டித்தவர் அவர் (1822-1879). அவர் தந்த அளவுகோல் எமது கல்வியாளரின் கையில் இன்றும் இருக்கின்றது. அவ்வளவுகோலை வைத்து நோக்கினாற் கதிர்காமமும் மண்டூரும் சந்நிதியும் குறையுடைய கோயில்கள். 'மந்திரமில்லாத எளிய பூசை' என்று பரிவோடு சொல்பவரும் உண்டு; அப்பரிவிலும் அதே அளவுகோல்தான் ஒளிந்திருக்கின்றது. மந்திரம் அறியாமையினால் எழுந்த வெறுமையென்று இம்மௌனத்தைக் கொள்வதற்கில்லை. எச்சில் படலாகாது, மூச்சுப் படலாகாது, பெயர் சொல்லலாகாது என்னும் கட்டுப்பாடு மந்திரத்தைக் கற்பதினும் எளிதானதன்று. தலைமுறை தலைமுறையாகப் பயிற்றப்பட்டு வரும் ஒழுக்கம் அது.

ஆற்றை ஒட்டி வழங்கும் கதையொன்று இவ்விடத்திற் பொருந்தும். மலையிலிருந்த முருகன் ஆற்றைக் கடந்து இக்கரைக்கு வர விரும்பினான். அவ்வழியே வந்த தமிழரிடம் தன்னைத் தூக்கிச் செல்லுமாறு கேட்டான். அவர்கள் உப்பு எடுக்கச் செல்வதாகவும், திரும்பும் வழியில் அவ்வாறே செய்வதாகவும் கூறிச் சென்றுவிட்டனர். பின்னர் வந்த சிங்களவர் உடனே அவனைச் சுமந்து கரைசேர்த்தனர். ஆதலினாற் பூசையுரிமை அவர்களுக்காயிற்று என்பது கதை. எம்மவருட் பலர் இக்கதையைக் கேட்டதும் சினம் கொள்வர். பூசகர் தம் உரிமைக்காகக் கட்டியது என்பர். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதையின் நியாயம் எதன்மீது நிற்கின்றது என்று பாருங்கள். தெய்வம் யாருடைய இனத்தது என்றோ, யாருடைய நூலிற் பேசப்பட்டது என்றோ கதை கேட்கவில்லை. ஆற்றின் நடுவே தோள் கொடுத்தவர் யார் என்பதே அதன் வினா. தமிழரையும் அது பகைவராகக் காட்டவில்லை, வேலையுள்ளவராகவே காட்டுகின்றது. எங்கள் ஆய்வரங்குகளில் உப்பு எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை என்று ஒருவர் சொன்னால் அதனை எவ்வாறு மறுப்போம்?

இவ்வாதத்துக்கு ஒரு வலிய மறுப்பு உண்டு. அதனைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. மௌனம் அழகியது, ஆனால் மௌனத்தினுட் சட்டமும் அதிகாரமும் புகுந்துவிடும். மகா தேவாலயம் 1931ஆம் ஆண்டின் பௌத்த ஆலய உடைமைச் சட்டத்தின் கீழ் நிர்வகிக்கப்படுவது. அதன் உலகியல் தலைமை பஸ்நாயக்க நிலமேயின் கையில் உள்ளது. தமிழ் யாத்திரிகருக்குத் தங்குமிடமும் உணவும் அளித்துவந்த இராமகிருஷ்ண மிஷன் மடம் 1970களில் அரசினாற் கையேற்கப்பட்டது. 1983இன் பின்னர் பல ஆண்டுகள் தமிழர் அச்சமின்றி அத்திசைக்குச் செல்ல இயலவில்லை. இவை எவரும் மறுக்கவியலாத நிகழ்ச்சிகள். செய்கையையே படி என்று கூறும் விமரிசகன் இச்செய்கைகளையும் படித்தே ஆகவேண்டும். புலம்பலுக்குக் காரணம் இல்லை என்று நான் கூறவில்லை. மடத்தை இழந்தது உண்மையான இழப்பு. அதனை மடத்தின் இழப்பாகவே, ஆண்டும் ஆணையும் குறித்து எழுதியிருத்தல் வேண்டும். நாமோ மடத்தைப் பற்றி ஒரு முழுமையான நூல் எழுதாமல், ஏமகூடத்தைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தோம். அன்னதானம் எவ்வாறு நடந்தது, அரிசி எங்கிருந்து வந்தது, நோயுற்ற யாத்திரிகரை யார் பார்த்தனர் என்பவற்றை அறிந்த முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர்.

தலைநகரின் அனுபவமும் இதனையே காட்டுகின்றது. 1870களிலே கொள்ளைநோயைக் காரணங்காட்டி ஆங்கில அரசு கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தியபோது, கொழும்புச் செட்டிமார் தம் நேர்த்தியை நகரத்திலேயே நிறைவேற்றத் தலைப்பட்டனர். 1874இலே தொடங்கியதாகக் கூறப்படும் ஆடிவேல் விழாவின் தோற்றம் இதுவே. செட்டியார்தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் ரதம் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பகுதிகளுக்கு வந்து திரும்பும். ஆறில்லாத இடத்தில், காலிவீதியே அவர்களுக்கு நேர்வீதியாயிற்று. 1983இன் வன்செயலை அடுத்துப் பல ஆண்டுகள் நின்றுபோயிருந்த இவ்விழா பின்னர் மீண்டது. கதிர்காமத்தை 'இழந்த'தாக எழுதிய காலத்திலே, எழுதாமலே அதனை நகரத்துக்குக் கொண்டுவந்தவர் வணிகரும் வண்டியிழுத்தோரும் தெருவோரத்திலே நிறைகுடம் வைத்தோரும் ஆவர்.

களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள ஹெந்தளை, நான் நன்கறிந்த ஊர். அங்கிருந்து வடக்கே நீர்கொழும்பு, சிலாபம் வரையிலான கரையோரத்திலே தமிழ் பேசிய குடும்பங்கள் பல காலப்போக்கிற் சிங்களம் பேசுவனவாயின என்பதை மொழியியல் மாணவர் அறிவர். அத்தகைய கரையில், ஒருவர் வாயிலுள்ள மொழியைக் கொண்டு அவர் வழிபாட்டைத் தீர்மானித்தல் இயலாது. ஆடி மாதத்திலே அவ்வூரிலிருந்து கதிர்காமத்துக்குச் செல்லும் பஸ்களில் இரு மொழியினரும் இருப்பர். பூசைத்தட்டைச் சிங்களவர் 'பூஜா வட்டிய' என்பர். காவடியைக் காவடி என்றே சொல்வர். மாணிக்க கங்கையை அடைந்ததும் அவர்கள் எழுப்பும் ஒலி 'ஹரோ ஹரா'. இவ்வொலியைச் சிங்களவர் எம்மிடமிருந்து 'எடுத்துக்கொண்டனர்' என்று எழுதுவது வழக்கம். பஸ்ஸில் அருகே அமர்ந்து அதனைச் சொல்லிக் கொடுத்த ஒருவரும் இருந்திருப்பாரல்லவா? அவரைப் பற்றி எந்த ஆய்வும் இல்லை.

திருவிழாவின் இறுதிநாட் காலையில் நீர்வெட்டு நிகழும். கப்புறாளை ஆற்றில் இறங்கி, இலைகளால் மறைக்கப்பட்ட இடத்தினுள்ளே வாளினால் நீரின் மேல் கோடு வரைவார். நீரில் வரைந்த கோடு வரைந்த கணத்திலேயே அழிந்துவிடும். அதனைப் பார்த்துப் படியெடுத்தவர் எவருமில்லை. உடனே இரு கரையிலும் காத்துநிற்கும் கூட்டம் ஆற்றினுட் பாயும். அறிந்தவர் அறியாதவர் என்ற வேறுபாடின்றி ஒருவர் மேல் ஒருவர் நீரை வாரியிறைப்பர். பதினைந்து நாட்கள் பேணப்பட்ட மௌனம் அங்கே பெருஞ் சிரிப்பாக உடைகின்றது. கதிரைமலைப்பள்ளின் புலவருக்கு இக்காட்சி வியப்பைத் தந்திராது. ஆற்றில் வெள்ளம் வந்ததும் பள்ளர் கூடி ஆர்ப்பரித்தல் அவரது நூல்வகைக்கு உரிய மரபுதானே.